கண்ணில் மிஞ்சிய குளிசை

செத்தவரின் கண்ணுக்குள் அவர் கடைசியாகப் பார்த்த காட்சி படமாகப் பதிந்திருக்கும் என்று தலை நரைத்த பிறகும் நான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதை மனதுக்குள் வைத்திருந்தாலாவது கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். யுத்தம் முடிந்த வருடத்தில் ஒரு காலை, ஆஸ்பத்திரிப் பிணவறையில், சட்ட வைத்திய அதிகாரி ஒரு மீனவரின் கண் ஓரத்தில் மெல்லிய ஊசியை ஏற்றித் தெளிந்த திரவத்தை மெதுவாக உறிஞ்சி எடுத்தபோது, "படம் கழுவி வர எத்தனை நாள் செல்லும் டொக்டர்?" என்று கேட்டேன்.

அவர் யாழ்ப்பாணத்துப் பெண். என்னிலும் வெகு இளையவர். ஊசியிலிருந்து பார்வையை எடுக்காமல், "எந்தப் படம் ஐயா?" என்றார்.

நான் விளக்கினேன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை போன ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் வாசித்த சங்கதி. கொலைகாரனின் முகம் செத்தவனின் கண்ணில் தங்கிவிடும், தகுந்த இரசாயனம் போட்டால் துலங்கும். பாதி வழியில் என் குரல் எனக்கே கேட்கத் தொடங்கியது. பிணவறை உதவியாளர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அவருடைய தோள்கள் குலுங்கின.

"நீங்கள் நிறைய வாசிக்கிறனீங்கள் போல," என்றார் டொக்டர். பிறகு, நான் பாவம் என்று நினைத்திருக்க வேண்டும், "இது படத்துக்கில்லை ஐயா. சாகேக்க உடம்பில மருந்து எவ்வளவு இருந்தது எண்டு பார்க்க," என்றார்.

எடுத்த அளவுக்கு உப்புநீரை அதே கண்ணுக்குள் திரும்ப ஏற்றினார். எதற்கு என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அவரே சொன்னார்: "கண் குழி விழுந்து கிடக்கும். மனிசி வந்து பார்க்கவெல்லோ போறா."

நான் அப்போது திடீர் மரண விசாரணை அதிகாரி. எங்கள் நாட்டில் இதற்கு வைத்தியமும் தெரிய வேண்டியதில்லை, சட்டமும் தெரிய வேண்டியதில்லை. ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த, வேறு உருப்படியான வேலையில்லாத ஒருவராக இருந்தால் போதும். பாம்பு கடித்தாலும், மின்னல் அடித்தாலும், தென்னையிலிருந்து விழுந்தாலும், பொலிசார் வந்து என் வீட்டுக் கேற்றைத் தட்டுவார்கள். நான் மோட்டார் சைக்கிளில் போய், செத்தவரைப் பார்த்து, சொந்தக்காரரை விசாரித்து, எப்படிச் செத்தார் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். கிடைக்கும் படி பெற்றோலுக்குச் சரியாகப் போகும்.

வேலையோடு சேர்ந்து வரும் இன்னொரு வரும்படி தனிமை. என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் ஆட்கள் வாசலுக்கு வந்து, அது தங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்வரை மூச்சை அடக்கி நிற்பார்கள். கல்யாணங்களுக்கு என்னை அழைப்பது மெதுவாக நின்றுபோனது. அழைத்த ஓரிடத்திலும் நான் பந்தலுக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளையின் தாய் எழுந்து நின்று, "என்ன ஐயா, ஆருக்கு என்ன?" என்று கேட்டார். சாப்பிட்டுப் போக வந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரோ சாகப் போகிறார்கள் என்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சுனாமிக்குப் பிறகு வீட்டிலும் பேச ஆளில்லை. அந்த மார்கழியில் என் மனைவி கல்லடிக் கடற்கரையில் தன் தங்கை வீட்டில் நின்றாள். அத்தனை பேர் ஒரே காலையில் திடீரென்று செத்த அன்றுதான் திடீர் மரண விசாரணை அதிகாரிக்கு வேலையே இருக்கவில்லை. விசாரணை இல்லாமல் அடக்கம் செய்யலாம் என்று மேலிடம் சொன்னது. புல்டோசர் வெட்டிய குழிகளின் ஓரமாக நானும் நடந்தேன். அவளை நான் காணவில்லை. கண்டவர்களும் இல்லை. எத்தனையோ பேரின் சாவுக்குக் காரணம் எழுதிய எனக்கு அவளுடையதை எழுதச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. பிறகு ஒருவருக்கு மட்டும் சோறு சமைக்கப் பழகினேன். இன்றுவரை அரிசி கூடும், அல்லது குறையும். மிஞ்சுவதைக் காகத்துக்கு வைப்பேன். காகம் மட்டும் என்னைக் கண்டு பயப்படுவதில்லை.

அந்த மீனவர் பனிச்சங்கேணிக்குக் கிட்ட ஒரு சுனாமி வீட்டுத்திட்டத்தில் இருந்தவர். கதிரவெளிப் பக்கத்துக் கரையில் பிறந்தவர். கடல் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டது. பிறகு சண்டை வந்து புருசனும் பெண்சாதியும் முகாம் முகாமாக அலைந்தார்கள். சண்டை இந்தப் பக்கம் ஓய்ந்து திரும்பி வந்தபோது ஒரு தகரக் கூரை வீடும் ஒரு தோணியும் கிடைத்தன. நித்திரை மட்டும் திரும்பி வரவில்லை. அதற்கு ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் மாதம் ஒருமுறை ஒரு பைக்கற் நித்திரைக் குளிசை, தூக்க மாத்திரை, கொடுத்தார்கள்.

விடியப்புறம் களப்புக்கு, கடலை ஒட்டிய உப்பேரிக்கு, வலை இழுக்கப் போனவரை அடுத்த நாள் கரையோரக் கண்ணா மரப் பற்றைக்குள் கண்டெடுத்தார்கள். தோணி சற்றுத் தள்ளி, கவிழாமல், தன் பாட்டில் மிதந்துகொண்டு நின்றது. காற்றுமில்லை, மழையுமில்லை. களப்பிலேயே வளர்ந்த மனிதர். வீட்டில் குளிசைப் பைக்கற் கதவுநிலை ஆணியில் தொங்கியது. வெறும் பைக்கற். கிளினிக் நாளோ இன்னும் வெகு தூரத்தில் இருந்தது.

முதல் விசாரணையை அவருடைய வீட்டு முற்றத்தில் நடத்தினேன். எனக்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரை. பக்கத்தில் வாக்குமூலம் எழுத ஒரு பொலிஸ் சார்ஜன். எதிரே மணலில் மனைவியும், அவருக்குப் பின்னால் அந்த ஒழுங்கையின் இரு பக்க வீட்டுச் சனம் முழுவதும்.

"ராவைக்கு ஒண்டுதான் ஐயா போடுற," என்றார் மனைவி. "நான்தான் தண்ணியோட எடுத்துக் குடுக்கிற."

"அப்ப மிச்சக் குளிசை எங்க?"

"தெரியா ஐயா. ரெண்டு நாளைக்கு முதல்லயே பைக்கற் மெலிஞ்சு கிடந்த. கேட்டதுக்கு, கிளினிக்கில குறைச்சுத் தந்திட்டானுகள் எண்டு சொன்னாரு."

நான் கூட்டத்தைப் பார்த்து, குளிசைகளைப் பற்றி யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில் "தெரியா" என்றார்கள். சார்ஜன் பேனாவை மூடினார். அந்தப் பதிலில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்தில் சீருடை போட்ட ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது, பெயரைக் கேட்டாலும் "தெரியா" என்று சொல்வதுதான் நீண்ட காலமாக உயிரைக் காப்பாற்றிய பழக்கம். யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொல்லி, வெற்றிக்கென்று சந்தியில் பாற்சோறு கொடுத்து, அதை வாங்கியவர்களும் வாங்காதவர்களும் ஒரே மாதிரி முகத்தோடு வீட்டுக்குப் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பழக்கத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

கூட்டம் கலையும்போது கருவாடு விற்கும் ஒரு பெண், எனக்குக் கேட்கவேண்டும் என்றே, "முழுப் பைக்கற்றையும் குடிச்சிட்டுத்தான் தண்ணிக்க இறங்கியிருக்கான், பாவி," என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். பக்கத்து ஆள் தலையாட்டினார். எல்லாருமே தலையாட்டினார்கள்.

நான் மோட்டார் சைக்கிளை உதைக்கப் போன நேரம் மனைவி கிட்ட வந்தார். அழவில்லை.

"ஒண்டு கேக்கன் ஐயா. புள்ளையள் போன பிறகு நாங்க ரெண்டு பேருந்தான் ஆளுக்காள் துணை. அவரு என்ன உட்டுட்டுப் போகணும் எண்டு குளிசையக் குடிச்சிட்டுப் போனாரா, இல்லாட்டி வழமை போலப் போய் விழுந்தாரா? எதெண்டாலும் சொல்லுங்க. பாவம் பாத்துப் பொய் சொல்லிராதங்க."

சொல்கிறேன் என்றேன். அந்த உத்தியோகத்தில் இருந்த காலம் முழுவதும் ஒரு கேள்வியை யாரும் இவ்வளவு துப்புரவாக என்னிடம் கேட்டதில்லை. வழக்கமாகக் காப்புறுதிக்குத்தான் கேட்பார்கள்.

சில வாரங்கள் போயின. இரத்தப் பரிசோதனையின் முடிவு முதலில் வந்தது. டொக்டரின் மேசையில் அதைப் பார்த்தேன். மருந்தின் அளவு வழமைக்கு எத்தனையோ மடங்கு. அந்த மனைவியிடம் போய் இதைச் சொல்ல வேண்டும். ஆனால், மறைப்பானேன், துப்பறிந்துவிட்டேன் என்ற சின்னச் சந்தோசமும் ஒரு மூலையில் எட்டிப் பார்த்தது. வெறும் பைக்கற், கவிழாத தோணி, இரத்தத்தில் இந்த எண்ணிக்கை. எல்லாம் பொருந்தியது. "அப்ப முடிவு தெரிஞ்சு போச்சு," என்றேன்.

"ஒண்டும் தெரியேல்லை ஐயா," என்றார் டொக்டர். "இது நெஞ்சு இரத்தம். காலில இருந்து எடுக்கப் பார்த்தன், கிடைக்கேல்லை. உயிர் போன பிறகு ஈரல், நுரையீரலுக்க கிடக்கிற மருந்தெல்லாம் கசிஞ்சு நெஞ்சு இரத்தத்துக்கதான் வந்து சேரும். இந்தக் குளிசை அதில மோசம். ஒண்டு போட்டவனும் ஒரு கை நிறையப் போட்டவன் மாதிரித் தெரிவான்."

"செத்த பிறகுமா ஏறும்?"

"செத்த பிறகுதான் ஏறும்."

எனக்கு அது ஊர்க் கதை போலவே பட்டது. மனிதன் இருக்கும்வரை ஒழுங்காக இருந்த கணக்கு, அவன் கண்ணை மூடியதும் நாலு பக்கத்திலிருந்தும் கசிந்து வந்து பெருகிவிடுகிறது. இதைச் சொன்னேன். டொக்டர் சிரிக்கவில்லை. என் உவமைகளுக்கு அவர் ஒருநாளும் சிரித்ததில்லை.

"கண் அப்பிடியில்லை," என்றார். "அது தள்ளிக் கிடக்கிற உறுப்பு. அதுக்குள்ள கெதியா ஒண்டும் போகாது, கெதியா ஒண்டும் வெளியில வராது. அதால சாகிற நேரம் இருந்த அளவுக்குக் கிட்டவாச் சொல்லும். கண் வரட்டும். அதுவரைக்கும் தயவுசெய்து தீர்ப்பு எழுதாதையுங்கோ."

வீட்டுக்கு வந்து கண்ணைப் பற்றி யோசித்தேன். கூட்டுக்குடும்பம் போல நெருங்கிக் கிடக்கும் உறுப்புகளுக்கு நடுவில் இல்லாமல், எலும்புக் குழிக்குள் தனியாகக் குடியிருக்கும் ஒன்று. அக்கம்பக்கத்துச் சங்கதிகள் அதன் காதுக்குப் பிந்தித்தான் போகும். எனக்கு அதன்மேல் ஒரு சொந்தம் வந்தது. தனியாக இருப்பவனின் சாட்சிக்கும் ஏதோ ஒரு பெறுமதி இருக்கிறது என்று கேள்விப்படுவது அந்த வயதில் சின்ன ஆறுதல் இல்லை. பிறகு சோறு அடிப்பிடித்த மணம் வந்தது.

அந்த நாட்களில் பனிச்சங்கேணிப் பாலத்தால் போகும் வேலை வந்தால், அந்த மனைவியின் கண்ணில் படாமல் இருக்க வேகமாகப் போனேன். ஒருமுறை அவர் பஸ் தரிப்பில் நின்றார். என்னை மறிக்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். கேள்வியைத் திருப்பிக் கேட்டிருந்தால்கூட இலேசாக இருந்திருக்கும்.

கண் திரவத்தின் முடிவு வந்த அன்று டொக்டரே தொலைபேசியில் கூப்பிட்டார். "ஒரு குளிசை ஐயா. கனநாளாப் போடுற ஆளுக்கு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவுதான். கை நிறையப் போட்டிருந்தா கண்ணிலயும் தெரிஞ்சிருக்கும். வயிற்றிலயும் மிச்சக் குளிசை ஒண்டும் இல்லை."

"அப்ப ஏன் விழுந்தார்?"

"இந்தக் குளிசையின்ர மயக்கம் விடியுமட்டும் நிக்கும். எழும்பி நிண்டு வலை இழுக்கேக்க தலை சுத்தியிருக்கலாம். 'லாம்' எண்டுதான் நான் எழுதுவன். மிச்சத்த நீங்கள்தான் விசாரிச்சுச் சொல்லவேணும். அதுக்குத்தானே உங்களுக்குப் படி தாறாங்கள்."

அடுத்த விசாரணை அதே முற்றத்தில், அதே பிளாஸ்ரிக் கதிரையில். சார்ஜனிடம், பாலத்தடியில் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு ஆறுதலாக வரும்படி சொன்னேன். என் சேவைக்காலத்தில் நான் செய்த ஒரேயொரு புத்திசாலித்தனம் அது. அதுவும் திட்டமிட்டதல்ல. அவர் காலையிலிருந்து தேத்தண்ணி, தேத்தண்ணி என்று முனகிக்கொண்டிருந்தார்.

கண்ணைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். இரத்தம் எப்படி ஏமாற்றும், கண் எப்படி ஏமாற்றாது என்று பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பதுபோல் விளக்கி, கடைசியில், "அவர் அன்று போட்டது ஒரே ஒரு குளிசை. வழமையான ஒன்று," என்று முடித்தேன்.

மனைவி "அப்ப மிச்சம்?" என்று கேட்டார். அவருக்குத் தெளியாமல் இருந்தது அது ஒன்றுதான். எனக்கும் அது தெரியாது. கண்ணிடம் அதைக் கேட்கவும் முடியாது.

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், மெதுவாக, "எனக்கொரு ரெண்டு மூணு தந்தவரு," என்றது. கருவாடு விற்கும் பெண்.

மனைவி திரும்பிப் பார்த்தார். "உனக்கா?"

"நித்திரை வரல்ல கா. சத்தம் கேக்கிற மாதிரியே கிடக்கும், கடல் வாற சத்தம். கரையில வச்சு ஒரு நாள் கேட்டன். ஒருத்தருக்கும் சொல்லாத எண்டு தந்தாரு."

"நீதானே கா, முழுப் பைக்கற்றையும் குடிச்சிட்டு இறங்கினாரெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்ச?"

"நான் எடுத்த ரெண்டு மூணுதானே. மிச்சத்த அவருதான் குடிச்சிருப்பாரு எண்டு நினைச்சன்."

அவருக்குப் பக்கத்தில் இருந்த மேசன் தொண்டையைச் செருமினார். "நானும் அப்பிடித்தான் நினைச்ச. எனக்கும் இடைக்கிட ஒண்டு தாறவரு."

"உனக்குமா?" என்றார் கருவாட்டுக்காரி. "ராவைக்கு மாடு மாதிரிக் குறட்டை விடுறாய் எண்டு உன்ர மனிசி சொல்லுற."

"குளிசை போட்ட அண்டைக்குத்தான் குறட்டை."

அதன்பிறகு ஒருவர்பின் ஒருவராக வந்தது. முன்பள்ளியில் படிப்பிக்கும் பெண். கடைசிச் சண்டை நேரம் வன்னியில் நின்ற மகனைப் பற்றி ஒரு தகவலும் வராத தகப்பன். கோயில் மணி அடிப்பவர். ஆளுக்கொன்று, ஆளுக்கிரண்டு. சீனி கடன் வாங்குவதுபோல வாங்கியிருக்கிறார்கள். எல்லாருக்கும் களப்புக் கரையில் வைத்து, ஒருத்தருக்கும் சொல்லாதே என்று சொல்லியே கொடுத்திருக்கிறார். ஒவ்வொருவரும் தான் மட்டுந்தான் வாங்கியது என்றும், மீதியெல்லாம் அவர் வயிற்றுக்குள் போனது என்றும் மனதார நம்பியிருக்கிறார்கள். அதனால்தான் அன்று அத்தனை தலைகளும் ஒன்றாக ஆடின. ஒழுங்கை முழுவதும், பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல், தனித்தனியாக விழித்துக் கிடந்திருக்கிறது.

எனக்கும் நித்திரை இல்லைதான். நான் தூரத்தில் இருந்தபடியால் அந்த மனிதர் என்னிடமிருந்து தப்பினார்.

மனைவி ஒவ்வொருவரையும் எப்போது வாங்கியது, எத்தனை வாங்கியது என்று கேட்டுக்கொண்டு வந்தார். நான் கேட்க வேண்டிய கேள்விகள். எல்லாரும் சொல்லி முடிந்ததும், "என்னட்ட மட்டும் சொல்லல்ல, பாருங்க," என்றார். குரலில் கோபம் இருந்தது. வீட்டில் இருக்கும் புருசன்மேல் வருகிற சாதாரணக் கோபம். கிளினிக்கில் குறைத்துத் தந்தார்கள் என்று பொய் சொன்ன மனிதன்மேல் வந்த கோபம். பிறகு முந்தானையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார். அன்றுதான் அவர் அழுததை நான் கண்டேன்.

சார்ஜன் திரும்பி வந்தபோது எல்லாரும் பழையபடி ஒன்றும் தெரியாதவர்கள் ஆனார்கள். நான் தீர்ப்பைச் சொன்னேன்: தற்செயலாக நீரில் விழுந்து மூழ்கியமை. 'லாம்' போடவில்லை.

புறப்படும்போது என் நெஞ்சு சற்று நிமிர்ந்தே இருந்திருக்க வேண்டும். ஊரின் வாயை ஒரு துளிக் கண் திரவத்தால் அடைத்தவன் நான். இதை எந்தச் சஞ்சிகைக்கு எழுதலாம், முதல் வசனத்தை எப்படித் தொடங்கலாம் என்றுகூட யோசித்தாயிற்று. ஒழுங்கை முடிவில் கருவாடு விற்கும் பெண் கையைக் காட்டி மறித்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன்.

அவர் பின்னால் திரும்பி, ஒருவரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"கண் சொன்னதெல்லாம் சரி ஐயா. இனி அந்தக் குளிசைய நாங்க ஆரிட்டப் போய் வாங்கிற?"